பத்து வாரத்தைக் கழித்து எண்ணிய இரண்டு ஆண்டுகள்

எங்கள் மகள் 2021ஆம் ஆண்டு டிசம்பர் 14 அன்று பிறந்தாள். மருத்துவர் குறித்துக் கொடுத்திருந்த நாளோ 2022 பிப்ரவரி 22. இவ்விரு தேதிகளுக்கும் இடைப்பட்ட எழுபது நாள்களைச் சுற்றியே அடுத்த இரண்டு ஆண்டுகள் எங்கள் வீட்டுப் பேச்சு நடந்தது. முப்பது வாரத்தில், 1,280 கிராம் எடையோடு பிறந்த குழந்தைக்கு எப்போது கழுத்து நிற்கும், எப்போது குப்புற விழும், எப்போது உட்காரும் என்று யாரிடம் கேட்டாலும் இரண்டு விடைகளில் ஒன்றுதான் கிடைத்தது. சிலர் "இன்னுமா கழுத்து நிக்கல?" என்றார்கள். மற்றவர்கள் "கொறமாசக் கொழந்தைதானே, மெதுவாத்தான் வரும்" என்றார்கள். முதல் கேள்வி என்னை இரவில் அழ வைத்தது. இரண்டாவது சொல் ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதலை நம்பித்தான் ஏழு வாரங்களை நாங்கள் வீணாக்கினோம். அந்த ஏழு வாரங்களைப் பற்றி, இப்போது குறைமாதக் குழந்தையை மடியில் வைத்திருக்கும் பெற்றோரிடம் சொல்லியாக வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். நான் மருத்துவர் அல்லள். மூன்று ஆண்டுகள் பரிசோதனைக்குப் பின் பரிசோதனையாக அலைந்து, கேட்டு, குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொண்ட ஒரு தாய்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். கருவின் வயது தாயின் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணப்படுகிறது. முழுக்காலம் என்பது நாற்பது வாரம். 37 வாரம் நிறைவதற்கு முன் பிறக்கும் எந்தக் குழந்தையும் குறைமாதக் குழந்தையே. அவர்களிலும் 28 வாரத்திற்கு முன் பிறந்தவர்கள், 28 முதல் 32 வாரத்திற்குள் பிறந்தவர்கள், அதற்குப் பின் பிறந்தவர்கள் என்று மருத்துவர்கள் பிரித்துப் பார்க்கிறார்கள். 36 வாரத்தில் பிறந்த குழந்தையின் தாய்க்குக் கிடைத்த அனுபவத்தை 27 வாரத்தில் பிறந்த குழந்தையின் தாய் அளவுகோலாகக் கொள்ள முடியாததற்கு இதுவே காரணம். உலக அளவில் 2020ஆம் ஆண்டில் ஏறத்தாழ 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் இப்படி முன்னதாகப் பிறந்தார்கள் என்றும், அவர்களில் சுமார் 30 லட்சம் பேர் இந்தியாவில் பிறந்தவர்கள் என்றும் மதிப்பிட்டிருக்கிறார்கள். இத்தனை பேர் வீட்டில் நடக்கும் ஒன்றைப் பற்றி நம்மிடையே புழங்கும் அறிவோ "ஏழாம் மாசப் பிள்ளை தங்கும், எட்டாம் மாசப் பிள்ளை தங்காது" என்பதோடு நின்றுவிடுகிறது. அது உண்மையே அல்ல. கருப்பையில் கழியும் ஒவ்வொரு கூடுதல் வாரமும் குழந்தையின் நுரையீரலுக்கும் மூளைக்கும் நன்மையே செய்கிறது. எட்டாம் மாதக் குழந்தையின் நிலை ஏழாம் மாதக் குழந்தையின் நிலையைவிடப் பொதுவாக மேலானது.

பிறந்த நாளிலிருந்து எண்ணினால் வருவது நாள்காட்டி வயது. அதிலிருந்து, முழுக்காலத்திற்கு எத்தனை வாரம் குறைந்ததோ அத்தனை வாரத்தைக் கழித்தால் வருவது திருத்திய வயது. என் மகளுக்குக் கழிக்க வேண்டியவை பத்து வாரம். 2022 ஜூன் 14 அன்று அவளுக்கு ஆறு மாதம் நிறைந்தது. திருத்திய வயதோ வெறும் பதினாறு வாரம்தான். ஆறு மாதக் குழந்தை செய்வதை அவளிடம் எதிர்பார்ப்பது, நாற்று நட்ட மாதத்தை மறந்துவிட்டுப் பக்கத்து வயலைப் பார்த்துக் கதிர் எங்கே என்று கேட்பது போன்றது. இரண்டு வயது வரை வளர்ச்சிப் படிகளையும், எடை, உயரம், தலைச்சுற்றளவு ஆகியவற்றையும் திருத்திய வயதைக் கொண்டே பார்க்க வேண்டும். இணை உணவு தொடங்கும் காலத்தையும் மருத்துவர்கள் அதையும், கழுத்து உறுதியாக நிற்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்த்தே முடிவு செய்கிறார்கள். தடுப்பூசிக்கு மட்டும் இந்தக் கழித்தல் கிடையாது. அது பிறந்த தேதியிலிருந்தே கணக்கிடப்படும். "சின்ன உடம்பு, தாங்காது" என்று தள்ளிப்போடுவது தவறு. தொற்றை எதிர்க்கும் வலிமை குறைந்த குழந்தைகளுக்குத்தான் அது காலத்தோடு தேவைப்படுகிறது.

மருத்துவமனையில் கழிந்த ஆறு வாரங்களைப் பற்றி இங்கு அதிகம் எழுதப் போவதில்லை. ஆனால் எதிர்பார்ப்பு என்னும் சொல்லின் பொருளை நான் முதலில் கற்றுக்கொண்டது அங்கேதான். உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது ஆகிய மூன்றையும் ஒருங்கிணைக்கும் திறன் 32 முதல் 34 வாரத்தில்தான் மெல்ல வரத் தொடங்குகிறது. முப்பது வாரக் குழந்தையால் தாய்ப்பாலை உறிஞ்சிக் குடிக்க முடியாமல் போனால் அது நோயும் அன்று, சோம்பலும் அன்று. முதலில் மூக்கின் வழியே செலுத்திய குழாயில் பால் போயிற்று. பிறகு சங்கில் புகட்டினோம். அதன் பிறகே மார்பில் குடித்தாள். செவிலியர் ஒருவர் அவளை என் மார்போடு தோலோடு தோலாகக் கட்டி வைத்து, நாள் முழுவதும் முடிந்த அளவு அப்படியே வைத்திருக்கச் சொன்னார். கங்காரு முறை எனப்படும் இந்தப் பராமரிப்பு, 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர்கள் போதாத ஒரு மருத்துவமனையில் தொடங்கியது. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்து 2021இல் வெளியான பெரிய ஆய்வொன்று, குழந்தையின் நிலை சீராகும் வரை காத்திருக்காமல் பிறந்தவுடனே இதைத் தொடங்கினால் முதல் 28 நாள்களுக்குள் இறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை நூற்றுக்குச் சுமார் பதினாறிலிருந்து பன்னிரண்டாகக் குறைகிறது என்று காட்டியது. பிறந்து ஆறு வாரம் ஆன ஜனவரி 25 அன்று, 1,840 கிராம் எடையுடன் அவள் வீட்டிற்கு வந்தாள். பிறக்க வேண்டிய நாளுக்கு அப்போதும் நான்கு வாரம் இருந்தது.

வீட்டிற்கு அனுப்பும்போது கொடுத்த தாளில் கண், காது, மூளை என்று தனித்தனியே தேதிகள் இருந்தன. கண்ணைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் தாமதத்திற்கு இடமே இல்லை. விழித்திரையின் இரத்தக் குழாய்கள் கருவின் கடைசி மாதங்களில்தான் ஓரம் வரை வளர்ந்து முடிகின்றன. முன்னதாகப் பிறந்த குழந்தைக்கு அந்த வளர்ச்சி வெளியுலகில், பிராணவாயுவின் ஏற்ற இறக்கங்களுக்கு நடுவில் நடைபெறுவதால் குழாய்கள் தாறுமாறாக வளர்ந்து விழித்திரையையே இழுத்துப் பிரித்துவிடும் ஆபத்து உண்டு. 34 வாரத்திற்கு முன் பிறந்த குழந்தைகளுக்கும், 2,000 கிராமுக்குக் குறைவாகப் பிறந்த குழந்தைகளுக்கும் பிறந்த முப்பது நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை நடந்தாக வேண்டும். 28 வாரத்திற்கு முன் பிறந்தவர்களுக்கு இரண்டு மூன்று வாரத்திலேயே. வெளியிலிருந்து பார்த்தால் கண் அழகாகவே இருக்கும். எந்தத் தாயாலும் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. உரிய நேரத்தில் லேசர் சிகிச்சையோ கண்ணுக்குள் செலுத்தும் ஊசியோ பார்வையைப் பெரும்பாலும் காப்பாற்றிவிடும். என் மகளுக்கு அந்தத் தேவை வரவில்லை. குழாய்கள் முழுதாக வளரும் வரை நான்கு முறை பார்த்தார்கள். காதுக்கும் அப்படியே. தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்து வந்த குழந்தைகளுக்குச் செவிநரம்பு மூளைத்தண்டு வரை சரியாகச் செய்தி கொண்டு போகிறதா என்பதைக் காட்டும் பெரா சோதனை தேவை. கைதட்டினால் திரும்புகிறாள் என்பதை வைத்துக்கொண்டு திருப்தி அடைந்துவிடக் கூடாது.

பிப்ரவரி 22 வந்து போயிற்று. உண்மையில் அன்றுதான் அவள் பிறந்த குழந்தை. ஆனால் நிறைமாதத்தில் பிறந்த சிசுவைப் போலக் கைகால்களை மடக்கிச் சுருண்டு கிடக்கவில்லை; கால்கள் இரு பக்கமும் தவளையைப் போல விரிந்து கிடந்தன. கருப்பையின் நெருக்கடியில் கடைசி வாரங்களைக் கழிக்காத உடலுக்கு அந்த மடக்கம் முழுமையாக வருவதில்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

என் நாத்தனாரின் மகன் டிசம்பர் 26 அன்று நிறைமாதத்தில் பிறந்தவன். என் மகளுக்கு அவன் பன்னிரண்டு நாள் இளையவன். ஒரே வீட்டில், ஒரே கூடத்தில் இரண்டு பாய்களில் கிடந்த இருவரையும் ஒப்பிடாமல் இருக்கச் சொல்வது மனிதர்களால் ஆகாத காரியம். பிப்ரவரி மாதமே அவன் முகம் பார்த்துச் சிரித்தான். மார்ச் முழுவதும் என் அத்தை, அதாவது என் மாமியார், தினமும் காலையில் பேத்தியின் முகத்துக்கு நேரே குனிந்து நின்று பார்த்துவிட்டு எதுவும் பேசாமல் அடுப்படிக்குப் போய்விடுவார். ஏப்ரல் 10ஆம் தேதி அவள் அவரைப் பார்த்தே முதன்முதலாகச் சிரித்தாள். பிறந்து ஏறக்குறைய நான்கு மாதம் ஆகியிருந்தது. திருத்திய வயதோ ஏழாவது வாரம். ஆறு முதல் எட்டு வாரத்தில் வர வேண்டிய சிரிப்பு, தனக்குரிய வாரத்தில் தவறாமல் வந்திருந்தது! பத்து வாரம் கூடுதலாக எங்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தும் அது முன்னதாக வரவில்லை. மூளை முதிர்வதற்கு அதற்கென்று ஒரு காலம் இருக்கிறது, அந்தக் காலம் கருவில் தொடங்கிய எண்ணிக்கையைத் தொடர்கிறது என்பதை அந்தச் சிரிப்பிலிருந்துதான் நான் விளங்கிக்கொண்டேன்.

அந்த நிம்மதிதான் எங்களைத் தவறு செய்ய வைத்தது. சிரிப்பு தன் காலத்தில் வந்துவிட்டது அல்லவா, இனி எல்லாமே அப்படி வந்துவிடும் என்று எண்ணிவிட்டோம். திருத்திய வயதில் மூன்று மாதம் நிறையும் மே இறுதியில் மருத்துவமனைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அந்த வாரம் உறவில் ஒரு திருமணம், வெயில் வேறு. "கொழந்தை நல்லாத்தானே இருக்கு, அப்புறம் போயிக்கலாம்" என்று எல்லோரும் சொன்னார்கள்; நானும் ஒப்புக்கொண்டேன். மே 24 அன்று போக வேண்டியவர்கள் ஜூலை 12 அன்றுதான் போனோம். அப்போதும் நாங்களாகப் போகவில்லை. எங்கள் தெருவில் பச்சைக் குழந்தைகளைக் காலில் போட்டுக் குளிப்பாட்டும் ஒரு பாட்டி இருக்கிறார். எழுபது வயதைத் தாண்டியவர். எத்தனை குழந்தைகள் அவர் கால்மீது கிடந்திருக்கும் என்று அவருக்கே தெரியாது. ஜூலை முதல் வாரத்தில் ஒரு நாள், வெந்நீர் ஊற்றிக்கொண்டே, "அம்மாடி, இந்த வலது காலு மத்த கால் மாதிரி இளகல. கையும் மூடியே வச்சிருக்கா, கட்டைவிரலை உள்ளாற வச்சு. டாக்டர்கிட்ட ஒரு எட்டு போயிட்டு வா" என்றார். நான் ஐந்து மாதமாகத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த குழந்தை. எனக்குத் தெரியவில்லை. தெரியாமல் போனதைவிட, தெரிந்துகொள்ள வேண்டிய நாளை நானே தள்ளிப்போட்டதுதான் இன்றும் நெஞ்சை அறுக்கிறது.

பரிசோதித்த மருத்துவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் அவர் சொன்னதை நான் மறக்கவே முடியாது. முழுக்காலத்திற்குப் பிறகு ஒன்பதாம் வாரம் முதல் இருபதாம் வாரம் வரை, விழித்துக்கொண்டு மல்லாந்து கிடக்கும் குழந்தையின் கழுத்திலும் உடலிலும் கைகால்களிலும் எல்லாத் திசையிலும் சின்னச் சின்ன அசைவுகள் இடைவிடாது ஓடிக்கொண்டிருக்க வேண்டுமாம். கண்ணுக்கு ஒன்றும் பெரிதாகத் தெரியாத அந்த அசைவுகள் இருக்கின்றனவா, இல்லையா என்பதைச் சில நிமிடக் காணொளியில் பார்த்தே, மூளைப் பாதிப்பால் உடலசைவு குன்றும் பெருமூளை வாதம் வரக்கூடிய குழந்தைகளைப் பெரும்பாலும் இனம் கண்டுவிடலாம் என்று பிரெக்டில் என்னும் மருத்துவரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1990களில் நிறுவிக் காட்டினார்கள். ஊசி இல்லை, கதிர்வீச்சு இல்லை, செலவும் இல்லை. நாங்கள் போன ஜூலை 12 அன்று என் மகளுக்குத் திருத்திய வயதில் சரியாக இருபது வாரம் நிறைந்திருந்தது. அந்த அசைவுகளைப் பார்த்துச் சொல்லக்கூடிய காலம் அன்றோடு முடிந்துகொண்டிருந்தது.

பிறகு நடந்தது நீண்ட பரிசோதனை. தொடைகளை விரித்து எந்தக் கோணம் வரை போகிறது என்று பார்த்தார்கள். முழங்காலை நீட்டி, பாதத்தை மடக்கி, கையை மார்பின் குறுக்கே இழுத்து, இரண்டு பக்கமும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கைகளைப் பிடித்து எழுப்பி உட்கார வைத்தபோது தலை பின்னால் தொங்கிற்று. வலது பக்கம் இறுக்கம் கூடுதலாக இருந்தது. இது பெருமூளை வாதமா என்று கேட்டேன். இப்போது பெயர் சூட்டத் தேவையில்லை என்றார் மருத்துவர். குறைமாதத்தில் பிறந்த சில குழந்தைகளுக்கு முதல் ஆண்டில் இப்படி ஓர் இறுக்கம் வந்து, ஒன்று ஒன்றரை வயதுக்குள் தானாகத் தளர்ந்துவிடுவதுண்டு. சிலருக்குத் தளராமல் நிலைத்துவிடுவதும் உண்டு. எந்தக் குழந்தை எந்த வகை என்பது தெரிய மாதங்கள் ஆகும். ஆனால் பயிற்சி இரு வகையினருக்கும் ஒன்றே. அதனால் பெயருக்காகக் காத்திருக்காமல் இன்றே தொடங்க வேண்டும் என்பதுதான் அவர் சொன்னது. அன்று மாலையே இயன்முறை சிகிச்சையாளரிடம் அனுப்பினார்.

அந்தச் சிகிச்சையாளரிடமிருந்து நான் கற்றது தனியாக எழுதத் தக்கது. முதலில் அவர் எங்கள் வீட்டுப் பழக்கங்களைக் கேட்டார். பகலெல்லாம் தூளியில்தான் கிடப்பாள் என்றேன். தூளி குழந்தைக்குச் சுகம்தான்; ஆனால் அதற்குள் கிடக்கும் குழந்தைக்குக் கையை ஊன்றவோ, காலை உதைக்கவோ, தலையை எதிர்த்துத் தூக்கவோ ஒரு தரை கிடையாது. விழித்திருக்கும் நேரம் முழுவதும் தரையில் விரித்த பாயில், பெரும்பாலும் குப்புற, யாராவது அருகில் இருந்து பார்த்துக்கொள்ளும்படி விடச் சொன்னார். தூங்கும்போது மட்டும் மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். அத்தைக்கு இதில் உடன்பாடே இல்லை. பேத்தியைத் தரையில் கிடத்துவது அவருக்கு அவளைக் கைவிடுவது போலத் தோன்றியது. ஒரு வாரம் கழித்து அவரே பாயில் அவளுக்கு எதிரே குப்புறப் படுத்துக்கொண்டு, வெண்கலக் கிண்ணத்தைத் தட்டித் தலையைத் தூக்க வைத்தார்.

இரண்டாவதாக அவர் சொன்னது எங்களில் யாரும் எதிர்பாராதது. அக்குளில் பிடித்து நிற்க வைத்தால் என் மகள் இரண்டு காலையும் கம்பு போல விறைத்து, நுனிவிரலில் நின்றுவிடுவாள். "இப்பவே நிக்குறா பாரு!" என்று வீடே மகிழ்ந்தது, வருவோர் போவோரிடமெல்லாம் அதைக் காட்டினோம். அது வலிமை அன்று, இறுக்கம் என்றார் அவர். உட்காரவே கற்காத குழந்தை விறைத்து நிற்பதைக் கண்டு மகிழ்ந்து, மீண்டும் மீண்டும் நிற்க வைத்தால் அந்த இறுக்கத்துக்கே நாம் பயிற்சி கொடுக்கிறோம். அதே காரணத்தால் நடைவண்டியும் கூடாது, அதாவது குழந்தையை உள்ளே தொங்கவிட்டு உருட்டும் வட்ட வாக்கர். கனடாவில் அதை விற்பதையே 2004இல் தடை செய்துவிட்டார்கள். பிடித்துத் தள்ளிக்கொண்டு போகும் நம்மூர் மூன்று சக்கர மரவண்டி வேறு. அது குழந்தை தானாக நிற்கக் கற்ற பிறகு வருவது.

எந்தப் படி எந்த மாதத்தில் வந்தது என்பதைவிட, அது எப்படி வந்தது, எதற்குப் பின் எது வந்தது என்பதைப் பார்க்கும் கண் அப்போதுதான் எனக்கு வாய்த்தது. பள்ளியில் தமிழ் கற்பிக்கிறவள் நான். பிள்ளைத்தமிழின் பருவங்களைப் பல ஆண்டுகள் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். ஐந்தாம் மாதத்துச் செங்கீரைப் பருவத்தில் குழந்தை ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரு கைகளையும் தரையில் ஊன்றி, தலை நிமிர்த்தி ஆட வேண்டும். ஒன்பதாம் மாதத்துச் சப்பாணியில் உட்கார்ந்து இரு கைகளையும் சேர்த்துக் கொட்ட வேண்டும். கையூன்றித் தலை நிமிர்த்துவதும், கைகள் இரண்டும் நெஞ்சுக்கு நேரே நடுவில் வந்து சந்திப்பதும்தான் சிகிச்சையாளர் என் மகளிடம் மாதக்கணக்காக எதிர்பார்த்த இரண்டு செயல்கள். மூடிய வலது கை விரிந்து இடது கையைச் சந்திக்க வேண்டும் என்பதற்காக அந்த ஆண்டு முழுவதும் நான் சப்பாணி கொட்டச் சொல்லிப் பாடிக்கொண்டிருந்தேன்.

மாதக் கணக்கைப் பொறுத்தவரை, நிறைமாதக் குழந்தைகளுக்கே அது ஒரு புள்ளி அன்று. அகலமான ஓர் இடைவெளி. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நலமான குழந்தைகளைப் பின்தொடர்ந்து உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட ஆய்வில், பிடிமானம் இல்லாமல் உட்காருவது 3.8 மாதம் முதல் 9.2 மாதம் வரையிலும், தனியே நடப்பது 8.2 மாதம் முதல் 17.6 மாதம் வரையிலும் பரந்திருந்தது. நூற்றுக்கு நான்கு குழந்தைகள் கையும் முழங்காலும் ஊன்றித் தவழவே இல்லை. இந்த இடைவெளியின் மேல் எல்லையோடு பத்து வாரத்தையும் கூட்டிக்கொண்டுதான் நான் நாள்காட்டியைப் பார்த்தேன். ஆகஸ்டு இறுதியில், திருத்திய ஆறு மாதத்தில், குப்புற விழுந்தாள். நவம்பர் 20 அன்று, திருத்திய ஒன்பது மாதத்திற்கு இரண்டு நாள் இருக்கையில், பிடிக்காமல் உட்கார்ந்தாள். டிசம்பர் 14 அன்று முதல் பிறந்த நாள். நாத்தனார் மகன் கூடத்தில் தத்தித் தத்தி நடந்துகொண்டிருந்தான். இவள் என் மடியில் உட்கார்ந்திருந்தாள். வந்திருந்த பெரியம்மா ஒருவர் "ஒரு வயசாச்சு, இன்னும் எழுந்து நிக்கலையா?" என்று தொடங்கியபோது, நான் வாய் திறக்கும் முன் அத்தை சொன்னார்: "அவளுக்கு இன்னும் பத்து மாசம்கூட ஆவல அக்கா. பிப்ரவரி இருபத்திரண்டுக்குத்தான் ஒரு வயசு." அவர் அந்தக் கணக்கை மனப்பாடமாக வைத்திருக்கிறார் என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

2023 ஜூலை 9 அன்று நடந்தாள். பிறந்து பத்தொன்பது மாதம் ஆகப் போகிறது. திருத்திய வயதில் பதினாறரை மாதம். திருத்திய பதினெட்டாம் மாதப் பரிசோதனையில் இறுக்கம் பெரும்பாலும் தளர்ந்துவிட்டது, பெருமூளை வாதம் இல்லை என்று மருத்துவர் எழுதினார். வலது குதிகால் தசைநாண் மட்டும் சற்று இறுக்கம். அதற்கு இன்றும் நீட்டிப் பயிற்சி செய்கிறோம். பயிற்சியால்தான் தளர்ந்ததா, தானாகவே தளர்ந்திருக்குமா என்று என்னால் சொல்ல முடியாது. யாராலும் சொல்ல முடியாது என்றே நினைக்கிறேன். பயிற்சி இல்லாமல் காத்திருந்து பார்க்கும் துணிவு எனக்கு இல்லை, வேறு எந்தத் தாய்க்கும் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எல்லாக் குழந்தைகளின் கதையும் இப்படி முடிவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2011இல் பிரான்சில் முன்னதாகப் பிறந்த குழந்தைகளை நாடு முழுவதும் பின்தொடர்ந்து பார்த்தார்கள். 27 முதல் 31 வாரத்தில் பிறந்து உயிர் பிழைத்தவர்களில், திருத்திய இரண்டு வயதில் நூற்றுக்கு ஏறத்தாழ நான்கு பேருக்குப் பெருமூளை வாதம் இருந்தது. ஆனால் பேச்சு, கைத்திறன், உடலசைவு, சிக்கல்களைத் தீர்ப்பது, பழகுவது ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றிலாவது எதிர்பார்த்த அளவுக்குக் கீழே இருந்தவர்கள் நூற்றுக்கு நாற்பது பேர். பெரிய ஊனம் அரிது; சிறிய பின்னடைவு பரவலானது. நம் கவலை முழுவதும் முதலாவதைச் சுற்றியே இருப்பதால், நடந்துவிட்ட குழந்தையைப் பார்த்து "எல்லாம் சரியாயிடுச்சு" என்று பரிசோதனைக்குப் போவதையே நிறுத்திவிடுகிறோம். பேச்சுத் தாமதமும், பின்னர் பள்ளியில் வெளிப்படும் கவனக்குறைவும் கணக்கில் தடுமாற்றமும் அந்த நாற்பது பேரிடம்தான் ஒளிந்திருக்கின்றன. என் மகளும் இரண்டு சொல்லைச் சேர்த்து "அம்மா வா" என்று சொல்லத் திருத்திய இரண்டு வயது வரை ஆயிற்று. அதற்குள் ஒருமுறை காதை மீண்டும் சோதித்துவிட்டோம்.

இரண்டு வயதுக்குப் பின் திருத்துவதைப் பொதுவாக நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் பள்ளியில் சேர்க்கும்போது அந்த வாரங்கள் ஒருமுறை திரும்பி வரும். என் தோழி ஒருவரின் மகன் ஆகஸ்டில் பிறக்க வேண்டியவன், மே மாதமே பிறந்துவிட்டான். பிறந்த தேதியின்படி அவன் ஒரு வகுப்பு மேலே போக வேண்டியிருந்தது. தலைமையாசிரியரிடம் பேசி ஓராண்டு தாமதமாகச் சேர்த்தார். நல்ல முடிவு என்றே கருதுகிறேன். டிசம்பருக்கும் பிப்ரவரிக்கும் நடுவில் கல்வியாண்டு மாறாததால் எங்களுக்கு அந்தச் சிக்கல் எழவில்லை.

காத்திருக்கக் கூடாத சில அடையாளங்களை என் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருந்தேன். எல்லாமே திருத்திய வயதுதான். மூன்று மாதத்திற்குப் பிறகும் கட்டைவிரலை உள்ளே வைத்து மூடிய கை. முகத்தைப் பார்க்காத, நகரும் பொருளைத் தொடராத கண். நான்கு மாதம் கடந்தும் நிற்காத கழுத்து. ஒன்பது மாதத்தில் உட்காராமை. பதினெட்டு மாதத்தில் நடக்காமை. கத்தரிக்கோலைப் போலக் குறுக்கே போகும் கால்கள். பத்து மாதத்தில் "பாபா, தாதா" என்ற குழறல் இல்லாமை. ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்துவதும் இதில் சேரும். இடதுகைப் பழக்கம் என்று மகிழ்வதற்குள் மறு கை ஏன் வரவில்லை என்று கேட்க வேண்டும். எந்த வயதிலும், கற்றதை இழந்தால் அன்றே போக வேண்டும்.

எங்கே போவது என்ற கேள்விக்கும் விடை உண்டு. 2013இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் கீழ் மாவட்டந்தோறும் ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையங்களை அமைத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் அவை பெரும்பாலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வளாகங்களில் இயங்குகின்றன. குழந்தை மருத்துவர், இயன்முறை சிகிச்சையாளர், பேச்சுப் பயிற்சியாளர் என்று ஒரே இடத்தில் பார்க்கலாம், கட்டணம் இல்லை. கிராம சுகாதார செவிலியரிடமோ அங்கன்வாடி ஊழியரிடமோ கேட்டால் வழி சொல்வார்கள். தனியார் மருத்துவமனையில் பிறந்த குழந்தையும் அங்கே போகலாம் என்பதை நானே ஓராண்டு கழித்துத்தான் அறிந்தேன்.

போன மாதம் குளிப்பாட்டும் பாட்டி, எங்கள் தெருக்கோடியில் முப்பத்து மூன்று வாரத்தில் பிறந்த ஒரு குழந்தையின் வீட்டிலிருந்து நேரே என்னிடம் வந்தார். "அந்தப் பொண்ணு ரொம்பப் பயந்து கெடக்கு, நீ வந்து ஒரு வார்த்தை சொல்லு" என்றார். குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு போனேன். அந்தப் பெண்ணின் நாள்காட்டியில் ஏழு வாரத்தைத் தள்ளி எண்ணி ஒரு தேதியை எழுதினோம். அதிலிருந்து மூன்று மாதத்தை எண்ணி, இன்னொரு தேதியைச் சிவப்பு மையால் வட்டமிட்டோம். அன்று உறவில் திருமணம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றாள்.